சினிமாவுக்கும் ஒரு வேதமா?

சினிமா அபிமானிகளுக்குள் ஒரு வழக்கம் வெகு காலமாய் இருந்து வருகின்றது. நாலு பேர் ஒன்றுகூடினால், உலகத்துப் பழைய படங்களிலெல்லாம் எது முதல், எது இரண்டாவது, எது பத்தாவது என்று வரிசை போட்டு, தொண்டை வற்றுகிறவரை வாதாடுவார்கள். இதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஒரு மனிதன் தான் பார்த்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று தன் புத்தியைக் கொண்டு தீர்மானிப்பது அவன் அறிவுக்கு ஒரு நல்ல பயிற்சியேயாகும். எதைக் கொடுத்தாலும் ஒன்றுபோல் விழுங்குகிறவனைவிட, வரிசை போட்டுச் சண்டை பிடிக்கிறவன் எவ்வளவோ மேலானவன் என்றே சொல்லுவோம்.

நாம் ஆட்சேபிப்பது வேறொரு சங்கதியையாகும். வாதம் நன்றாய்ச் சூடேறி வரும் சமயத்தில் ஒருவர் எழுந்து, "நீயும் நானும் என்ன கண்டோம்? லண்டனில் பெரியவர்கள் போட்ட ஜாபிதா இருக்கின்றதே, அதில் எது முதலோ அதுதான் முதல்" என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான். அதுவரை தன் கண்ணால் கண்டதையும் தன் மனத்தால் எண்ணியதையும் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளுகின்றார்கள். "சாஸ்திரத்தில் இருக்கின்றது" என்று சொன்னவுடன் நம் பாட்டன் வாயடைத்துப்போனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். சாஸ்திரமாவது யார் எழுதினது, எப்பொழுது எழுதினது என்று தெரியாத காலத்துச் சரக்கு. இந்த ஜாபிதாவோ யார் போட்டது, எத்தனை பேர் போட்டது, எந்த வருஷம் போட்டது என்பதெல்லாம் அச்சில் இருக்கின்றது. அதைப் படித்துக் கணக்குப் பார்க்கக்கூட ஒருவரும் சிரமப்படாமல் கும்பிடுவதென்றால் இதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்க முடியும்?

ஆகவே அந்தக் கணக்கை நாமே இங்கு எடுத்துக்காட்டுவோம்.

ஜாபிதாவின் யோக்கியதை

லண்டனிலுள்ள பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் என்னும் ஸ்தாபனத்தாரின் பத்திரிகையாகிய "சைட் அண்ட் சவுண்ட்" 1952-ம் வருஷத்தில் சினிமா விமர்சகர்களுக்குக் கடிதம் எழுதி, ஒவ்வொருவரும் தாங்கள் சிறந்தவையென்று கருதும் பத்துப் படங்களைக் குறித்தனுப்பும்படி கேட்டது. அது முதல் பத்து வருஷத்துக்கு ஒரு தரமாக 2022 வரையில் எட்டுத் தரம் இந்த வாக்கெடுப்பு நடந்திருக்கின்றது. பத்திரிகைக்காரர்கள் செய்தது ஒளிவுமறைவில்லாத காரியம். யார் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் அவர்களே வெளியிடுகின்றார்கள். ஆதலால் அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. நம் கோபமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் விடுகிறவர்கள்மீதுதான்.

1952-ல் பதில் எழுதியவர்கள் 63 பேர். இத்தாலிய தேசத்து விட்டோரியோ டி சிக்கா எடுத்த "பைசிக்கிள் தீவ்ஸ்" என்னும் படத்துக்கு 25 ஓட்டுக் கிடைத்து அது முதலாவதாக வந்தது. வேலைக்கு அவசியமான சைக்கிளைப் பறிகொடுத்த ஒரு ஏழைத் தொழிலாளி தன் சிறு பையனுடன் ரோமாபுரி முழுதும் அதைத் தேடி அலைகின்ற கதை. நல்ல படம்தான். ஆனால், 63-ல் 25 போனால் மீதி 38. அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பத்துப் படங்களில் ஒன்றாகக்கூட அதைச் சேர்க்கவில்லை. 2012-ல் 846 விமர்சகர்கள் ஓட்டுப் போட்டதில் ஹிட்ச்காக் என்பவரின் "வெர்டிகோ" 191 ஓட்டுப் பெற்று முதலாவதாக வந்தது. மீதி 655 பேர் அதைக் குறிப்பிடவேயில்லை. நாலு பேரில் மூன்று பேருக்கு மேல் தங்கள் பத்தில் வைக்காத படத்தை, "உலகமே ஒப்புக்கொண்ட முதல் படம்" என்று சொல்லுகிறவன், ஒன்று கணக்குத் தெரியாதவனாய் இருக்கவேண்டும், அல்லது பிறருக்குக் கணக்குத் தெரியாது என்று நம்புகிறவனாய் இருக்கவேண்டும்.

1962-ம் வருஷத்துச் சங்கதி இன்னும் வேடிக்கையானது. அவ்வருஷம் ஆர்சன் வெல்ஸ் எடுத்த "சிட்டிசன் கேன்" 22 ஓட்டுடன் முதலாவதாயிற்று. அந்தோனியோனி எடுத்த "லவெந்துரா" 20 ஓட்டுடன் இரண்டாவதாயிற்று. கேனுக்கு ஓட்டுப் போட்டவர்களில் மூன்று பேருக்கு அன்றைக்குக் காய்ச்சல் கண்டு, கடிதம் எழுதாமல் படுத்திருந்தால் மகுடம் கைமாறிப்போயிருக்கும். பிறகு நடந்தது என்ன? 1962 முதல் 2002 வரையில் ஐந்து வாக்கெடுப்பிலும் "சிட்டிசன் கேன்"தான் முதல். சுமார் ஐம்பது வருஷம் உலகத்துச் சினிமாப் புஸ்தகமெல்லாம் அதையே முதற்படம் என்று ஓதின. தோற்ற "லவெந்துரா"வோ 1960-ல் கான் நகரத்து விழாவில் ஜனங்கள் கூச்சலிட்டுக் கேலி செய்த படம். இரண்டே வருஷத்தில் உலகத்து இரண்டாவது படமாகி, 1992-க்குள் முதல் பத்திலிருந்தே காணாமற்போய்விட்டது. இவ்வளவுக்கும் அந்தப் படத்தின் பிலிமில் ஒரு அங்குலம்கூட மாறவில்லை.

இன்னுமொரு கேள்வி. இந்த ஓட்டில் ஒவ்வொருவரும் பத்துப் பெயரைக் கொடுக்கின்றார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சமமாக ஒரு ஓட்டு. ஆகையால், ஒருவருக்குக்கூட மனத்துக்கு மிகப் பிடித்த முதல் படமாக இல்லாத ஒன்று, பலருக்கு எட்டாவதாகவும் ஒன்பதாவதாகவும் இருந்தே உலகத்து முதல் படமாக வந்துவிடலாம். அன்றியும், அதே பத்திரிகை அதே வருஷத்தில் விமர்சகர்களைத் தனியாகவும், படம் எடுக்கும் டைரக்டர்களைத் தனியாகவும் கேட்டது. 2012-ல் விமர்சகர்களுக்கு முதல் "வெர்டிகோ". டைரக்டர்களுக்கு முதல் ஜப்பானிய தேசத்து "டோக்கியோ ஸ்டோரி". 2022-ல் விமர்சகர்களுக்கு முதல் "ழான் டீல்மான்". டைரக்டர்களுக்கு முதல் "2001". ஒரே பத்திரிகை, ஒரே வருஷம், இரண்டு முதல்! எந்த முதலைக் கும்பிடுவது என்று நம் ஜாபிதா பக்தர்கள் சொல்லுவார்களா?

"காலம் தீர்ப்புச் சொல்லும்" என்னும் புரட்டு

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. அதாவது, "தனி மனிதர்கள் தவறலாம், காலம் தவறாது, நல்லது நிற்கும், கெட்டது அழியும்" என்பது. கேட்பதற்கு நன்றாயிருக்கின்றது. ஆனால் காலத்துக்குக் கண்ணில்லை, கையுமில்லை. படப் பெட்டியைப் பூட்டி வைக்கிறவனும் மனிதன். திறந்து காட்டுகிறவனும் மனிதன்.

"சிட்டிசன் கேன்" 1941-ல் வெளிவந்தபோது, அதிலுள்ள பத்திரிகை முதலாளியின் பாத்திரம் தன்னைக் குறிப்பதென்று கண்ட ஹெர்ஸ்ட் என்னும் பெரும் பணக்காரர், தமது பத்திரிகைகளில் அப்படத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாதென்று கட்டளையிட்டார். 1952-ல் அதற்கு முதல் பத்தில் இடமே கிடைக்கவில்லை. காலமா அதைத் தடுத்தது? பணம் தடுத்தது. "வெர்டிகோ" 1958-ல் வெளிவந்தபோது அதைப் பெரிதாய்க் கொண்டாடினவர்கள் மிகச் சிலரே. பிறகு 1970-களில் தொடங்கிச் சுமார் பத்து வருஷம் அதைத் திரையிடாமலே உரிமைக்காரர் வைத்திருந்தார். 1980-களில் மறுபடி வெளியிட்டு, 1996-ல் புதுப்பித்த பிரதியும் வந்த பிறகு, படிப்படியாய் ஏறி 2012-ல் முதலாவதாயிற்று.

டிரையர் என்பவர் 1928-ல் எடுத்த "ஜோன் ஆப் ஆர்க்" படத்தின் கதை இதற்கெல்லாம் சிகரம் வைத்தது. அதன் அசல் நெகடிவ் தீயில் எரிந்துபோய்விட்டது. வெட்டியும் ஒட்டியும் கிடைத்த பிரதிகளைப் பார்த்துவிட்டே 1952-ல் விமர்சகர்கள் அதை முதல் பத்தில் சேர்த்தார்கள். அசலான பிரதி ஒன்று 1981-ல்தான் நார்வே தேசத்தில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியின் அலமாரியிலிருந்து அகப்பட்டது. ஆகவே, 1952-ல் ஓட்டுப் பெற்றது எந்தப் படம், 2012-ல் ஓட்டுப் பெற்றது எந்தப் படம்? பெயர் ஒன்று, சரக்கு வேறு. 1431-ல் பாதிரிமார்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல உயிரோடு எரிக்கப்பட்ட அந்தப் பெண்ணையே 1920-ல் அதே கிறிஸ்தவ மத ஸ்தாபனம் புனிதவதியாக்கிற்று என்பதையும் நேயர்கள் இங்கு ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும். முதலில் எரிப்பதும் பிறகு கும்பிடுவதும் மதக்காரர்களுக்கு மட்டுமல்ல, ஜாபிதாக்காரர்களுக்கும் பழக்கமான தொழில்தான் போலும்.

உருளைக்கிழங்கு உரித்தால் சினிமாவா?

நிற்க, 2022-ம் வருஷத்து ஜாபிதாவுக்கு வருவோம். அதில் முதலாவதாக வந்த "ழான் டீல்மான்" என்பது 1975-ல் பெல்ஜிய தேசத்தில் ஷந்தால் அக்கெர்மான் என்னும் 25 வயதுப் பெண் எடுத்த படம். ஒரு விதவையின் மூன்று நாள் வாழ்க்கை. ஓடும் நேரம் 201 நிமிஷம். அவள் படுக்கையை மடிக்கின்றாள், அடுப்பு மூட்டுகின்றாள், உருளைக்கிழங்கு உரிக்கின்றாள், பாத்திரம் துலக்குகின்றாள், மகனுடைய பூட்ஸைத் துடைக்கின்றாள். பிழைப்புக்காகப் பகலில் சில ஆண்களை வீட்டுக்குள் அனுமதிக்கின்றாள். ஒழுங்காய் நடந்துவந்த அந்த வேலைகளில் சிறு சிறு பிசகுகள் தோன்றி, கடைசியில் ஒரு கொலையில் போய் முடிகின்றது.

இந்தப் படம் 2012-ல் 36-வது இடத்தில் இருந்தது. 2022-ல் ஓட்டுப் போட அழைக்கப்பட்டவர்களின் வட்டம் பெருகி, 846 பேராய் இருந்தது 1,639 பேராயிற்று. இதுவரை கேட்கப்படாதவர்கள் பலர் கேட்கப்பட்டார்கள். படம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. உடனே பெரிய கூச்சல் கிளம்பிற்று. "கலையில் அரசியல் புகுந்துவிட்டது," "ஜாபிதாவின் புனிதம் கெட்டுவிட்டது," "மூன்று மணி நேரம் உருளைக்கிழங்கு உரிப்பதும் ஒரு சினிமாவா?" என்று பல பெரிய மனிதர்கள் வருத்தப்பட்டார்கள்.

நாம் அவர்களைக் கேட்கின்றோம்: 1952 முதல் 2012 வரையில் ஏழு ஜாபிதா வந்ததே, அவற்றில் ஒன்றிலாவது ஒரு பெண் எடுத்த படம் முதல் பத்தில் வந்ததுண்டா? இல்லை. 2012-ல் முதல் நூறு படங்களை எண்ணினாலும் பெண்கள் எடுத்தவை இரண்டே இரண்டுதானே! அறுபது வருஷம் ஆண்கள் எடுத்ததையே பொறுக்கி எடுத்து உச்சியில் வைத்தபொழுது அதில் அரசியல் இல்லையாம்; அது சுத்த கலையாம். ஒரே ஒரு தரம் ஒரு பெண்ணின் பெயர் மேலே வந்தவுடன் அரசியல் வந்துவிட்டதாம்! தன் ஆள் நாற்காலியில் இருக்கிறவரையில் அது தகுதி, மற்றவன் உட்கார்ந்துவிட்டால் அது சலுகை என்று பேசுகின்ற பேச்சு நமக்குப் புதிதல்லவே.

உருளைக்கிழங்கு சங்கதிக்கும் ஒரு வார்த்தை சொல்லுவோம். ஒருவன் குதிரைமேல் ஏறிப் பாலைவனத்தில் இரண்டு மணி நேரம் போனால் அது காவியம். ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேரைச் சுட்டால் அது வீரரசம். ஒருத்தி பிறந்தது முதல் சாகிறவரை, விடுமுறையென்று ஒரு நாளுமில்லாமல், கூலியென்று ஒரு காசுமில்லாமல் செய்கின்ற அடுப்படி வேலையை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் மட்டும் அது பொறுக்க முடியாத கொடுமையோ? அவளுடைய ஆயுள் முழுதும் தின்றுகொண்டே இருப்பவனுக்கு, அவள் சமைப்பதை ஒரு மாலைப்பொழுது பார்க்கப் பொறுமையில்லை என்றால், கோளாறு படத்திலா இருக்கின்றது, பார்க்கிறவனிடத்திலா இருக்கின்றது? இந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததே அந்தப் படத்தின் பெருமை. அது முதலாவதா முப்பத்தாறாவதா என்பது அதற்குப் பிற்பட்ட விஷயம்.

இதனால் 2022-ம் வருஷத்து ஜாபிதாவுக்குத் தேங்காய் உடைக்கவேண்டுமென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் படத்தையும் பார்த்து, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு சொல்ல எல்லோருக்கும் உரிமையுண்டு. நாம் சொல்லுவதெல்லாம், கைகள் மாறினால் வரிசை மாறும் என்பதுதான். ஆகவே எந்த வரிசையைப் பார்த்தாலும், இதில் எண்ணப்பட்ட கைகள் யாருடையவை என்று முதலில் கேட்கவேண்டும்.

ஜாபிதாவில் ஏற முடியாதவர்கள்

எண்ணப்படாத கைகள் இருப்பது போலவே, பார்க்கவே முடியாமற்போன படங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் பேசாப்படக் காலத்தில் எடுத்த நெடும்படங்கள் ஏறக்குறைய 11,000. அவற்றில் வெளியான வடிவத்திலேயே முழுமையாய் மிஞ்சியிருப்பவை 100-க்கு 14 தானென்று அத்தேசத்துக் காங்கிரஸ் நூல்நிலையத்தார் 2013-ல் அறிக்கை வெளியிட்டார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை எரிந்தும், மக்கியும், குப்பையில் எறியப்பட்டும் போய்விட்டன. பத்துப் பழம் வாங்கி ஒன்பதை அழுகவிட்டவன், மீதியிருக்கிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இதுதான் பத்திலும் சிறந்தது" என்றால் யார் நம்புவார்கள்?

சில படங்கள் தானாக அழிந்தன. சிலவற்றை ஜாதி அழித்தது. நம்முடைய பக்கத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்து அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் என்பவர் தம் சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் "விகதகுமாரன்" என்னும் பேசாப்படத்தை எடுத்தார். மலையாள தேசத்து முதற்படம் அதுவே. அதில் நாயர் ஜாதிப் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோஸி என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண். கீழ்ஜாதிக்காரி மேல்ஜாதிப் பெண் வேஷம் போடுவதா என்று, படம் பார்க்க வந்த மேல்ஜாதிக்காரர்கள் ஆத்திரப்பட்டுத் திரையின்மீது கல்லெறிந்தார்கள். அந்தப் பெண் தன் சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டு, தமிழ்நாட்டுக்கு ஓடிவந்து, தான் நடிகை என்று வெளியில் சொல்லிக்கொள்ளாமலே வாழ்ந்து மறைந்தார். படமும் இல்லாமற்போயிற்று. டேனியல் 1975-ல் இறந்தார். 1992-ல் அவர் பெயரால் கேரள அரசாங்கம் பரிசு ஏற்படுத்திற்று.

எந்த விமர்சகர் ரோஸி நடிப்புக்கு ஓட்டுப் போடமுடியும்? அவர் நன்றாய் நடித்தாரா, மோசமாய் நடித்தாரா என்று சொல்லக்கூட இன்று ஒருவருக்கும் வழியில்லை. வரிசையில் அவருக்குக் கிடைத்த இடம் கல்லடிதான். "நல்லது நிற்கும், கெட்டது அழியும்" என்று சொல்லுகிறவர்கள் இந்த ஒரு சங்கதிக்குச் சமாதானம் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

கல்லெறியப்பட்ட படத்தின் கதி இது. கல்லெறியத் தூண்டிய படத்தின் கதி என்ன? கிரிப்பித் என்னும் அமெரிக்கர் 1915-ல் "பர்த் ஆப் எ நேஷன்" என்னும் படத்தை எடுத்தார். அதில் கறுப்பு ஜனங்கள் மிருகங்களாகவும், அவர்களை அடித்துக் கொன்ற கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் தேசத்தை இரட்சிக்க வந்தவர்களாகவும் காட்டப்பட்டார்கள். செத்துப்போயிருந்த அந்தக் கொலைக் கூட்டம் அதே வருஷத்தில் மறுபடி உயிர்பெற்றெழுந்தது. கறுப்பு மக்களின் முன்னேற்றச் சங்கத்தார் அப்பொழுதே எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். அப்படியிருந்தும் 1998-ல் அமெரிக்கன் பிலிம் இன்ஸ்டிடியூட்டார் போட்ட நூறு படங்களின் ஜாபிதாவில் அதற்கு 44-வது ஸ்தானம் கிடைத்தது. "கருத்து எப்படியிருந்தாலென்ன, காமிராவைக் கையாண்ட திறமையைப் பாருங்கள்" என்பது சொல்லப்பட்ட நியாயம். 2007-ல் அதே ஸ்தாபனத்தாரின் ஜாபிதாவில் அந்தப் படத்தைக் காணோம்; அவருடைய "இன்டாலரன்ஸ்" என்னும் வேறொரு படம் 49-வதாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் காமிராத் திறமை குறைந்துவிட்டதா? இல்லை. விஷத்தை வெள்ளிக் கிண்ணத்தில் கொடுத்தால் கிண்ணத்தை மட்டும் புகழவேண்டும் என்ற உபதேசம் ஜனங்களிடம் செலாவணியாகவில்லை, அவ்வளவுதான். அப்படத்தைச் சரித்திரம் அறிவதற்காகப் பார்ப்பதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், அடிபட்டவனையும் கூட உட்காரவைத்துக்கொண்டு "கை தட்டு" என்று சொல்லுவது கலையா, அக்கிரமமா?

நற்சாட்சிப் பத்திரம்

நம் தேசத்தாருக்கு உள்ள ஒரு தனி வியாதியையும் சொல்லி முடிப்போம். சத்யஜித் ராய் 1955-ல் எடுத்த "பதேர் பாஞ்சாலி" 1992-ல் அந்த லண்டன் ஜாபிதாவில் வேறு சில படங்களுடன் சமமாக ஆறாவது இடத்தில் இருந்தது. 2002-லும் 2012-லும் முதல் பத்தில் அதைக் காணோம். ஆறாவதாய் இருந்தபோது மார்தட்டிக்கொண்டவர்கள், கீழே போனவுடன் என்ன சொல்லுவார்கள்? அந்த வங்காளத்துக் கிராமத்துச் சிறுமியின் சாவு நம் நெஞ்சைச் சுட்டது உண்மையானால், லண்டனில் ஆறாவதானாலும் அறுபதாவதானாலும் சுட்டது சுட்டதுதான். சுடவில்லையென்றால் முதலாவதாய் வந்தாலும் நமக்கு என்ன? தன் கண்ணீருக்குக்கூட வெளியூரான் நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறவனுக்குத் தன்மானம் என்ற வார்த்தை எதற்காக?

சிலர் பார்க்காத படத்தையும் தங்கள் பத்தில் சேர்த்துக்கொள்ளுகின்றார்கள். ஏனென்று கேட்டால், சேர்க்காவிட்டால் அறிவில்லாதவன் என்று பிறர் நினைத்துவிடுவார்களாம். அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குத் தலையாட்டினவனும் இந்தப் பயத்தினால்தானே ஆட்டினான்?

ஆகையால் சினிமா அபிமானிகளான தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். வரிசை போடுங்கள், தாராளமாய்ப் போடுங்கள். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது ஏன் அங்கே இருக்கின்றது என்று ஒரு வரி காரணம் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அந்தப் பெயர் உங்களுடையதல்ல, யாரோ உங்கள் காதில் ஓதினதென்று தெரிந்துகொண்டு அடித்துவிடுங்கள். எழுதி முடித்த பிறகு, இதில் பெண்கள் எடுத்தது எத்தனை, ஒடுக்கப்பட்டவர்கள் எடுத்தது எத்தனை, நமக்குப் பாஷை தெரியாத தேசத்தது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுமில்லையென்றால், அங்கெல்லாம் நல்ல படமே இல்லையா, நாம் தேடிப் பார்க்கவில்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து மறுபடி பார்த்து, அபிப்பிராயம் மாறினால் வெட்கப்படாமல் மாற்றுங்கள். லண்டன் பத்திரிகைக்காரர்களே ஏழு தரம் மாற்றியிருக்கும்பொழுது, ஒரு தரம் போட்டதை மாற்றக்கூடாதென்று உங்களுக்கு மட்டும் என்ன தலையெழுத்து?

அடுத்த வாக்கெடுப்பு 2032-ல் வரவேண்டும். அதில் எது முதலாவதாக வந்தாலும், "யார் சொன்னது, எத்தனை பேர் சொன்னது, யாரைக் கேட்காமல் சொன்னது?" என்ற மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டுப் பிறகு அந்தப் படத்தைப் போய்ப் பாருங்கள். நன்றாயிருந்தால் நன்றாயிருக்கின்றது என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் சொல்லுங்கள். இருட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணும் புத்தியும் நம்முடையவையாகவே இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.